ரூஸ்வெல்ட் வைத்த கெடு

யுத்தம் வந்தால் மளிகைக் கடையில் விலை ஏறும். "இறக்கு!" என்று நாட்டின் தலைவர் ஓர் உத்தரவு போட்டால் போதாதா?

போதாது என்பதை 1941-இல் அமெரிக்கா கண்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவ்வாண்டு ஏப்ரலில் தம் உத்தரவின் பேரிலேயே விலைக் கட்டுப்பாட்டு இலாகா ஒன்றை ஏற்படுத்தினார். தலைவர் லியோன் ஹெண்டர்ஸன் விலைப் பட்டியல்களும் வெளியிட்டார். மீறியவரைத் தண்டிக்கச் சட்டம் ஏது? வேண்டுகோளும் பத்திரிகை விளம்பரமுந்தான் பெரும்பாலும் அவருடைய ஆயுதம்!

1942 ஜனவரி 30-இல் சட்டம் வந்தது; ஓட்டையோடு வந்தது. விவசாயிகளின் பிரதிநிதிகள் லேசுப்பட்டவர்களா? விளைபொருளுக்கு நியாய விலை என்று கணக்கிட்டதில் 110 சதவிகிதத்துக்குக் கீழே உச்சவரம்பு கூடாது என்று எழுதிவிட்டார்கள். 'மார்ச் மாத விலைக்கு மேல் விற்காதே' என்று ஏப்ரலில் பொது உத்தரவு பிறந்தபோது முட்டை, வெண்ணெய், மாவு எல்லாம் அதற்கு வெளியே நின்றன. குடும்பத் தலைவிக்கு வேறென்ன வேண்டும் கவலைப்பட!

செப்டம்பர் 7-இல் ரூஸ்வெல்ட் கெடு வைத்தார். அக்டோபர் 1-க்குள் காங்கிரஸ் சபை இதைத் திருத்தாவிட்டால் தாமே செய்யப் போவதாகச் சொன்னார். சபை எழுதிய ஷரத்தை ஒரு மனிதர் ஒதுக்குவதா என்று செனட்டர் டாஃப்ட் போன்றவர்கள் கொதித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரே நாள் பிந்தி, அக்டோபர் 2-இல், திருத்தச் சட்டம் வந்துவிட்டது. அந்த அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டா என்று கோர்ட் சொல்ல நேரவே இல்லை.

ட்ரூமனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கொரிய யுத்தத்தின்போது எஃகின் விலையிலும் கூலியிலும் தகராறு மூண்டு, 1952 ஏப்ரலில் அவர் ஆலைகளைக் கைப்பற்ற உத்தரவிட்டார். ஜூன் 2-இல் சுப்ரீம் கோர்ட், 6-க்கு 3 என்ற கணக்கில், செல்லாது என்றது. உடனே வேலைநிறுத்தம். ஜூலையில் சமரசம் ஆனபோது எஃகு விலை டன்னுக்கு 5.20 டாலர் ஏறியிருந்தது.