கிருஷ்ணகிரிக்கு வந்து சென்ற புகைவண்டி

கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் புகைவண்டி ஓடிற்று என்றால் இன்றைய இளைஞர் பலர் வியப்பர். எனினும் அது ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஓடியது உண்மை. அதன் வரலாறு உழவருக்கும் நெசவாளருக்கும் பயன் தருவதென்று கருதி, இங்கே சுருக்கமாகக் கூறுகின்றோம்.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் லட்சக்கணக்கில் மாண்டனர். வெளியிடத்தில் தானியம் இருந்தும் உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்கும் வழி போதவில்லை. ஆகவே, வறண்ட பகுதிகளில் இருப்புப்பாதைகள் வேண்டுமென 1880இல் பஞ்ச விசாரணைக் குழு கூறிற்று. பஞ்ச நிவாரண நோக்குடன் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் சிறு பாதைகள் திறக்கப்பெற்றன. பின்னது 1913இல் ஒசூர் வரை நீண்டது.

இவற்றின் அகலம் இரண்டரை அடியே. இவை சேரும் பெரும்பாதையோ ஐந்தரை அடி. ஆகையால் இங்கிருந்து செல்லும் மூட்டை எதுவாயினும் திருப்பத்தூரிலோ மொரப்பூரிலோ இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். கூலி இருமுறை, சேதமும் இருமுறை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், இவ்விரு பாதைகளும் மூடப்பெற்றன. பஞ்சத்துக்கு அஞ்சி இட்ட பாதை போர்க்காலத்தில் மறைந்தது. இட்டதும் எடுத்ததும் இவ்வூரார் கையில் இருக்கவில்லை.

ஒசூரின் நிலை பின்னர் மாறிற்று. 1960களின் இறுதியில் சேலம்–பெங்களூர்ப் பாதை அவ்வழியே வந்தது, 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது, ஆலைகள் பெருகின. கிருஷ்ணகிரியோ 2004இல் மாவட்டத் தலைநகரான பின்னரும் புகைவண்டி நிலையமின்றியே இருக்கின்றது. அதன் மாங்கனியும் மாங்கூழும் லாரியிலேயே செல்கின்றன.

பாதை வேண்டுமென்று கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அதுவரை கைகட்டி நிற்றல் தகாது. வண்டிச் சத்தம் தனியொருவனுக்குப் பாரம். பலர் சரக்கும் ஒரே லாரியில் ஏறினால் அப்பாரம் குறையும். நிலக்கடலையை அப்படியே விற்பதினும், சங்கத்தின் வழியே செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால் ஏற்றும் எடை குறையும். பிண்ணாக்கும் நம் மாடுகளுக்கு மிஞ்சும். நெசவாளரும் நூலைச் சேர்ந்து வாங்கி, துணியைச் சேர்ந்து அனுப்பலாம்.

தண்டவாளத்தை ஓர் ஆணை பெயர்த்துவிடும். உறுப்பினர் தாமே கட்டிக் காக்கும் சங்கத்தை அவ்வாறு பெயர்த்தல் எளிதன்று.