ஹக்கலைப் பூங்காவும் வசந்த மலர்களும்

நிலநடுக்கோட்டை அண்டிய இலங்கையிற் கடுங்குளிர்காலம் இன்மையின், அதனைத் தொடர்ந்துவரும் வசந்தத்தின் மலர்ச்சியும் சமவெளியிற் காண்டற்கரிது. எனினும், சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைத் தாவரவியற் பூங்காவுக்குச் செல்வோர், ரோசா முதலிய குளிர்நாட்டு மலர்கள் நிறைந்து பூத்திருத்தலைக் காண்பர். இதற்குக் காரணம் யாது? நிலம் 1,000 மீற்றர் உயருந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். பூங்காவோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆகவே, சமவெளியில் வாடும் செடிகள் ஆங்குச் செழிக்கின்றன.

ஆயினும், இப்பூங்கா மலர்களுக்காகத் தோன்றியதன்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரங்களை வளர்க்கும் பொருட்டே 1861 ஆம் ஆண்டில் அது நிறுவப்பட்டது. பின்னர்ச் சிங்கோனாப் பயிர் பெருகி விலை வீழவே, மலைநாட்டுத் தோட்டங்களில் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது; மருந்துக்கென உண்டான நிலம் மலர்ச்சோலையாயிற்று.

1934-35 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பல்லாயிரவரை மாய்த்த அக்காய்ச்சல் இந்நாட்டினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016 இற் சான்று பகர்ந்தது. மலர் காணச் செல்வோர் அம்மரப்பட்டையையும் நினைத்தல் தகும்.