பிட்டத்தில் ஒளிந்திருக்கும் வலி – எந்த ஊசி ஏற்றது?



1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அரக்கோணம் வழியாகவே சென்றது. அந்தத் தடத்தில் இன்றும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னையில் வேலை பார்த்துத் திரும்புவோர் அவ்வூரில் ஏராளம். நாள்தோறும் மூன்று மணி நேரத்திற்கும் மேலாகக் கடினமான இருக்கை. கால்சட்டையின் பின்பையில் தடித்த மணிபர்ஸ். இப்படி ஆண்டுக்கணக்கில் அமர்வோரில் சிலருக்கு ஒரு பக்கப் பிட்டத்தின் ஆழத்தில் வலி தோன்றித் தொடையின் பின்புறமாக இறங்கும். உட்கார்ந்தால் மிகும், நடந்தால் சற்றே தணியும். தொழுகையில் அத்தஹிய்யாத்து இருப்பில் அமர்வதே சோதனையாகிவிடும்.

இவ்வலிக்கு ஒரு காரணம் ‘பிரிஃபார்மிஸ்’ எனும் தசை. இது முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பிலிருந்து தொடை எலும்பின் மேல்முனை வரை குறுக்காகச் செல்கிறது. உடலின் மிகப் பருமனான நரம்பாகிய சயாடிக் நரம்பு பெரும்பாலோர்க்கு இதன் அடியிலும், சிலர்க்கு இதனை ஊடுருவியும் செல்கிறது. தசை இறுகினால் நரம்பு நெருக்குண்டு வலிக்கிறது. ‘பிரிஃபார்மிஸ் நோய்க்குறி’ என இதற்குப் பெயர் வழங்கப்பட்டது 1947-இல். டிஸ்க் பிதுங்குவதாலும் இதே போன்ற வலி வருமாதலால், ஊசியைத் தேடுமுன் எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ கண்டு காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முறைகள் பலவிதம்

1938-இல் டாக்டர் கோட்னிசுடன் சீனா சென்ற மருத்துவக் குழுவிலிருந்த டாக்டர் பி.கே. பாசு, 1950-களின் இறுதியில் அக்குபங்சரைக் கற்று வந்து கல்கத்தாவில் பரப்பினார். இன்று அதே பெயரில் பல முறைகள் வழங்குகின்றன. வேறுபாடு அறியாமல் பணத்தைச் செலவிடலாகாது.

முதலாவது, மரபு முறை. பிட்டத்தில் ‘ஹுவான்டியாவ்’, முழங்கால் மடிப்பில் ‘வெய்ஜோங்’ முதலிய புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி இருபது, முப்பது நிமிடம் விட்டுவைப்பர்.

இரண்டாவது, மின் அக்குபங்சர். அதே ஊசிகளில் சிறு கருவியால் மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்படும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, வெப்ப ஊசி. ஊசியின் தலையில் உலர்ந்த மூலிகையை எரித்துச் சூடேற்றுவர். நீரிழிவால் தோலில் உணர்ச்சி குன்றியவர்களுக்குத் தீக்காயம் ஏற்படலாம்.

நான்காவது, ‘உலர் ஊசி’. இது சீனப் புள்ளிகளைப் பின்பற்றுவதன்று. இறுகிய தசை முடிச்சைத் தேடி நேராகக் குத்துவது. தசை ஆழத்தில் இருப்பதாலும் நரம்பு அருகில் செல்வதாலும் உடற்கூறு நன்கறிந்த கை வேண்டும்.

ஐந்தாவது, தமிழகத்தில் பரவலாக உள்ள தொடு சிகிச்சை. ஊசியின்றி விரலால் ஒரு புள்ளியைத் தொடுவர். ஊசியால் வரும் ஆபத்து இதில் இல்லை. எனினும் ஊசி முறைகளில் நடந்த ஆய்வுகளை இதற்குச் சான்றாகக் காட்ட இயலாது.

ஆய்வுகள் கூறுவதென்ன?

பிரிஃபார்மிஸ் வலிக்கென்றே நடந்த ஆய்வுகள் சிலவே, அவையும் சிறியவை. ஆகவே, இம்முறைகளுள் இன்னதே சிறந்தது என்று அறுதியிட்டுக் கூற இடமில்லை. டிஸ்க் பிதுக்கத்தால் வரும் நாட்பட்ட சயாடிக் வலிக்குச் சீனாவின் ஆறு மருத்துவமனைகளில் 220 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரங்களில் பத்து முறை உண்மையான ஊசி பெற்றவர்கள் போலி ஊசி பெற்றவர்களை விட மிகுதியாக நலம் கண்டனர். பிரிட்டனின் அரசு வழிகாட்டுநெறியோ 2016-இல் முதுகுவலிக்கும் சயாடிக் வலிக்கும் அக்குபங்சரைப் பரிந்துரைக்க மறுத்தது. அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கையில், “ஒரே ஊசியில் குணம்” என்னும் விளம்பரத்தை நம்பலாமா?

நீங்கள் செய்ய வேண்டியவை

மணிபர்ஸைப் பின்பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். மல்லாந்து படுத்து, வலிக்கும் பக்க முழங்காலை எதிர்த் தோளை நோக்கி இழுத்து முப்பது விநாடி நிறுத்துங்கள், மும்முறை செய்யுங்கள். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். ஊசி முறை எதுவாயினும் இப்பயிற்சிக்குத் துணையே அன்றி மாற்றன்று.

ஊசி போடுவோரின் கல்வித் தகுதியைக் கேளுங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படும் புது ஊசி உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். கருவுற்றிருந்தாலோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டாலோ முன்னரே சொல்லிவிடுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்வோரிடமிருந்து விலகுங்கள். பெண்கள் பெண் மருத்துவரையே நாடுவதாயின் அதனைத் தயக்கமின்றிக் கேட்கலாம். ஐந்தாறு அமர்வுகளில் சிறிதும் பயனில்லையேல் நோய்க்காரணத்தை மறுபடியும் ஆராயச் செய்யுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போதல், தொடைகளுக்கிடையே மரத்துப்போதல், பாதம் தூக்க இயலாமை – இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்குபங்சருக்குச் செல்லாதீர்கள். அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலியை மறைத்துக்கொண்டு வருந்துவது பொறுமையாகாது. தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அச்சலுகையைப் பெறுவதோடு, நோய்க்குத் தக்க மருத்துவத்தையும் நாடுங்கள்.