குரங்குக் கன்னம்போல மழைநீரை அடக்கும் பூங்கா!

குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த குரங்கு பிடுங்குவதற்குள் அவசர அவசரமாகக் கடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். பிறகு ஓரமாக உட்கார்ந்து, ஆற அமர மென்று விழுங்கும்.

தாய்லாந்தின் மறைந்த மன்னர் பூமிபால், வெள்ளத்துக்கு இதையே வழியாகச் சொன்னார். கொட்டுகிற மழை அத்தனையையும் உடனே கடலுக்குத் துரத்த முடியாது. ஓரிடத்தில் அடக்கிவைத்து, வெள்ளம் வடிந்ததும் மெல்ல வெளியே விடலாம். தாய்லாந்து மொழியில் இதற்கு 'கேம் லிங்' என்று பெயர். குரங்குக் கன்னம் என்று அர்த்தம்.

அப்படி ஒரு கன்னம் பாங்காக் நகரின் நடுவிலேயே இருக்கிறது. சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டையொட்டி 2017-ல் திறந்த 11 ஏக்கர் பூங்கா அது. கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் கோடிகள் கொட்டும் இடம். அதைத்தான் மக்களுக்கும் மழைக்கும் விட்டுக்கொடுத்தார்கள்.

வெள்ளம் பார்த்தவர் வரைந்த பூங்கா

பாங்காக் தாழ்வான நகரம். 2011 வெள்ளத்தில் தாய்லாந்து முழுக்க 800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வீட்டைவிட்டு வெளியேறிய லட்சக்கணக்கானவர்களில் கொச்சகோன் வோராகோம் என்ற பெண்ணின் குடும்பமும் உண்டு. பின்னாளில் இந்தப் பூங்காவை வடிவமைத்தவர் அவர்தான்.

அவர் செய்த முக்கியமான வேலை, பூங்காவையே ஒரு பக்கமாகச் சாய்த்தது. வெறும் 3 டிகிரி சாய்வுதான். நடந்தால் பெரிதாகத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்!

மேட்டுப் பக்கத்தில் ஒரு கட்டடம். அதன் கூரை முழுக்கப் புல்லும் செடிகளும். அங்கே விழும் மழையை முதலில் மண் குடிக்கும். மிச்சம், இருபுறமும் படிப்படியாக இறங்கும் நீர்ச்செடிப் பாத்திகள் வழியே வடிகட்டப்பட்டுக் கீழே வரும். நடுவிலுள்ள புல்வெளி கொஞ்சம் உறிஞ்சும். கடைசியில் பள்ளத்திலுள்ள குளத்தில் சேரும். பெருமழை என்றால் குளம் புல்வெளிமீதும் விரியும். கூரைக்கு அடியிலுள்ள தொட்டிகளில் சேரும் நீர், கோடையில் செடிகளுக்கு.

மொத்தம் சுமார் 38 லட்சம் லிட்டர் அடங்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 300 லாரிகளுக்கும் மேல்! குளத்தில் சைக்கிள்போல மிதிக்கும் கருவிகளும் உண்டு. மிதிப்பவருக்கு உடற்பயிற்சி, தண்ணீருக்குக் காற்று.

நம் தெருப் பூங்கா எப்படி?

ஒரே பூங்கா பாங்காக்கின் வெள்ளத்தை நிறுத்திவிடாது. கன்னம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அடுத்த பழத்துக்கு இடம் ஏது? மழைக்கு முன்பே குளத்தில் இடம் இருக்க வேண்டும், தூர் வார வேண்டும். இப்படிச் சின்னச் சின்னக் கன்னங்கள் ஊரெங்கும் வேண்டும். சென்னை மாநகராட்சியும் பூங்காக்களில் குளம் வெட்டி 'ஸ்பாஞ்ச் பார்க்' அமைத்துவருகிறது.

அடுத்த மழையில் குடையோடு உங்கள் தெருப் பூங்காவுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பூங்கா சாலையைவிட உயரமா, பள்ளமா? சாலைத் தண்ணீர் உள்ளே வர வழி இருக்கிறதா, சுற்றுச்சுவர் மறிக்கிறதா? உள்ளே மண் இருக்கிறதா, சிமென்ட் கல் பதித்து மூடிவிட்டார்களா?

பூங்கா வாங்கிக்கொள்ளாத தண்ணீர், பள்ளமான வீட்டைத் தேடித்தான் போகும். அது நம் வீடாகவும் இருக்கலாம்.