வயிற்றுக் கொழுப்பை எடுத்து கன்னத்தில் ஏற்றலாமா? 'ஃபேட் டிரான்ஸ்ஃபர்' பற்றி நோயாளிகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வேண்டாத இடத்தில் இருக்கும் கொழுப்பை எடுத்து வேண்டிய இடத்தில் வைப்பது. கேட்கும்போது இதைவிட லாபமான பேரம் இருக்காது என்றுதான் தோன்றும். தொப்பையும் குறையும், ஒட்டிப்போன கன்னமும் நிறையும். ரீல்ஸில் 'முன்', 'பின்' என்று இரண்டு போட்டோ போட்டு விளம்பரம் செய்யப்படும் ஃபேட் டிரான்ஸ்ஃபர் சிகிச்சை பலரையும் இழுப்பது இப்படித்தான்.

ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சந்தேகங்கள் வரிசை கட்டும். ஏத்துன கொழுப்பு நிக்குமா? வெயிட் போட்டா என்ன ஆகும்? உயிருக்கு ஏதும் ஆபத்து வருமா? இந்த எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. இங்கே இடம் மாறுவது உயிருள்ள திசு. நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நடும் நாற்று மாதிரி, புது இடத்தில் வேர் பிடித்தால்தான் அது பிழைக்கும்.

எப்படிச் செய்கிறார்கள்?

வயிறு, இடுப்பு, தொடை என எங்கே கொழுப்பு அதிகமோ அங்கே மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை முதலில் செலுத்துவார்கள். பிறகு மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். அதிலுள்ள ரத்தம், எண்ணெய், நீர் ஆகியவற்றைப் பிரித்துவிட்டு, சுத்தமான கொழுப்பைத் துளித்துளியாக வேண்டிய இடத்தில் செலுத்துவார்கள். கன்னம், கை போன்ற சின்ன இடம் என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். அளவு கூடினால் முழு மயக்கம் தேவைப்படும்.

இது நேற்று வந்த விஷயம் இல்லை. 1893-லேயே ஜெர்மன் சர்ஜன் குஸ்டாவ் நாய்பர், கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் குழிவிழுந்த தழும்பை நிரப்பியிருக்கிறார். திசுவை நசுக்காமல் எடுத்து, சிறு துளிகளாகப் பரப்பி வைக்கும் இன்றைய முறை 1990-களில் நியூயார்க் சர்ஜன் சிட்னி கோல்மனால் பிரபலமானது.

"டாக்டர், ஏத்துனது அப்படியே நிக்குமா?"

நிற்காது. நோயாளிகள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உடம்பிலிருந்து பிரிந்த கொழுப்புத் துளிக்கு முதல் சில நாட்கள் ரத்த ஓட்டமே கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் நீரில்தான் அது உயிர் பிடித்திருக்கும். அதற்குள் புது ரத்தக் குழாய்கள் வந்து சேர வேண்டும். துளி சின்னதாக இருந்தால் நடுவரைக்கும் ஊட்டம் போகும். மொத்தையாகக் குவித்து வைத்தால் ஓரம் பிழைக்கும், நடு செத்துப்போகும். செத்த கொழுப்பை உடம்பு கரைத்துக்கொள்ளும், இல்லையென்றால் அது எண்ணெய்க் கட்டியாகவோ கெட்டியான உருண்டையாகவோ தங்கிவிடும்.

அதனால்தான் முடிவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் நின்றவர்களும் உண்டு, முக்கால் பங்கு நின்றவர்களும் உண்டு. முதல் வாரத்தில் கண்ணாடியில் தெரியும் உப்பலில் பெரும்பகுதி வெறும் வீக்கம். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சிலருக்கு இரண்டாவது முறையும் செய்ய வேண்டிவரும். 'ஒரே சிட்டிங், நூறு சதவீதம் நிரந்தரம்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சிகரெட் பிடிப்பவர்களை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், நட்ட கொழுப்பு பட்டினி கிடக்கும்.

வெயிட் கூடினால்?

பிழைத்த கொழுப்புசெல் கன்னத்துக்குப் போனாலும் வயிற்றுக் கொழுப்பின் குணத்தை மறக்காது. பத்து கிலோ கூடினால் கன்னமும் உப்பும், இளைத்தால் கன்னமும் வற்றும். எனவே எடை ஒரு நிலையில் நின்ற பிறகுதான் இதை யோசிக்க வேண்டும். உடல் பருமனுக்கு இது மருந்தும் ஆகாது.

"நான் ரொம்ப ஒல்லி, அக்கா கொழுப்பை எனக்கு ஏத்தலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முடியாது. அடுத்தவர் திசுவை உடம்பு அந்நியமாகப் பார்த்து நிராகரித்துவிடும்.

ஃபில்லருக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். ஹையலூரானிக் ஆசிட் ஃபில்லர் சரியாக அமையவில்லை என்றால் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். கொழுப்பு மேடுபள்ளமாகிவிட்டால் அப்படி எளிதில் சரிசெய்ய முடியாது. பல நேரம் மறுபடி உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

உயிருக்கே ஆபத்து எப்போது?

பின்புறத்தைப் பெரிதாக்கும் 'பிரேசிலியன் பட் லிஃப்ட்' சிகிச்சைதான் உலக அளவில் டாக்டர்களை அலறவைத்தது. 2017-ல் வெளியான சர்ஜன்களிடையேயான சர்வே ஒன்றில், சுமார் 3,000 பேருக்கு ஒருவர் இறந்திருக்கலாம் என்று தெரியவந்தது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு இது மிக மோசமான கணக்கு.

காரணம் உடற்கூறில் இருக்கிறது. பின்புறத் தசைக்குள் பெரிய சிரைகள் ஓடுகின்றன. குழாய் தசைக்குள் இறங்கி சிரையைக் கிழித்துவிட்டால், கொழுப்பு நேராக இதயத்துக்குப் போய் அங்கிருந்து நுரையீரலை அடைக்கும். ஆபரேஷன் டேபிளிலேயே உயிர் போகலாம். தோலுக்கும் தசைக்கும் நடுவில் மட்டுமே கொழுப்பை வைக்க வேண்டும் என்ற விதி இந்த மரணங்களுக்குப் பிறகுதான் அழுத்தமாக வந்தது. பிரிட்டனில் 2018-ல் அழகியல் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் இந்தச் சிகிச்சையையே நிறுத்திவைக்கச் சொன்னது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2022-ல், ஒரு சர்ஜன் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் செய்யக்கூடாது, குழாய் எங்கே போகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

முகத்திலும் ஆபத்து உண்டு. புருவ நடுவிலோ மூக்கிலோ ஏற்றும்போது கொழுப்பு ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வை பறிபோகலாம், பக்கவாதம்கூட வரலாம். இது அரிதுதான். ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

கொழுப்பை எடுக்கும் பாதி வேலையும் சாதாரணமானது இல்லை. 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது கன்னட சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும்.

யாரிடம் போவது?

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டிஎன்பி முடித்தவர்தான் இதற்குரிய சர்ஜன். சில வாரக் கோர்ஸ் முடித்து 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருப்பவர் சர்ஜன் ஆகிவிட மாட்டார். டாக்டரின் பெயரும் படிப்பும் மருத்துவ கவுன்சில் பதிவில் இருக்கிறதா, கிளினிக் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். மயக்க மருந்து டாக்டர் கூட இருப்பாரா, அவசரம் என்றால் ஐசியு எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதைக் கேட்டால் கோபப்படும் இடம் உங்களுக்கு வேண்டாம். போட்டோ காட்டினால், ஆறு மாதம் கழித்து எடுத்த போட்டோவைக் கேளுங்கள்.

'ஸ்டெம் செல் ஃபேஷியல் ஃபேட்' என்று கூடுதல் பணம் கேட்கும் இடங்களும் உண்டு. ரத்தம் தொடர்பான சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்.

செலவு விஷயத்தில், அழகுக்காகச் செய்தால் மருத்துவக் காப்பீடு கைகொடுக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால் கேட்டுப் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்படும் பள்ளத்தை நிரப்புவதில் இந்தச் சிகிச்சை உண்மையிலேயே பெரிய உதவி. சுண்ணாம்புப் படிவு புற்றுநோய் மாதிரி ஸ்கேனில் குழப்பும் என்று 1987-ல் இதை எதிர்த்த அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 2009-ல் அந்த நிலையைத் தளர்த்தியது. ஆனாலும் மார்பகத்தில் கொழுப்பு ஏற்றியவர்கள், மேமோகிராம் எடுக்கும்போதெல்லாம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு வீக்கம், ரத்தக்கட்டு, எடுத்த இடத்தில் வலி ஆகியவை சில வாரம் இருக்கும். பயப்பட வேண்டாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் என்றால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, பார்வை மங்குவது என்றால் கிளினிக்குக்கு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, ஐசியு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், என்ன சிகிச்சை எப்போது செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.