காணியோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டியது

“படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போகவேணும்.” எங்கள் வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. பிள்ளை படித்து முன்னேறவேண்டும் என்ற ஆசையில்தான் பெற்றோர் இதைச் சொல்கிறார்கள். ஆனால், மாடு வளர்ப்பதும் வயல் செய்வதும் தோற்றுப்போனவர்களின் தொழில் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. 2017இல் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் காணிகளைக் கேட்டுப் பிள்ளைகளோடு இராப்பகலாகத் தெருவோரத்தில் இருந்தார்கள். காணிக்காக அப்படிப் போராடிய ஒரு சமூகம், அந்தக் காணியில் என்ன விளையும், எப்போது விளையும் என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கிறதா?

முன்னர் இதை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போன பிள்ளை வரம்பில் நடந்தபடியே பயிரையும் களையையும் பிரித்தறியப் பழகிக்கொண்டது. போர் அந்தத் தொடர்பை அறுத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் முகாம்களிலேயே பிறந்து, வளர்ந்து, பெற்றோராகவும் ஆகிவிட்டார்கள். வன்னியில் 2009 வரை நீடித்த இடப்பெயர்வும் அதன் பின்னர் மெனிக் பாம் முகாமும் இன்னொரு தலைமுறையின் சிறுபராயத்தை எடுத்துக்கொண்டன. திரும்பி வந்தபோது கிணறுகள் தூர்ந்து, எல்லைகள் தெரியாமல் இருந்தன. எந்த மண்ணில் எதை வைக்கலாம் என்று தெரிந்த மனிதர்கள் பலரும் இல்லாமல் போயிருந்தார்கள்.

இதைத் திரும்பக் கட்டியெழுப்ப அரச திட்டம் ஒன்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் காசூரினா கடற்கரைக்கோ யாழ்ப்பாண நகருக்கோ கூட்டிச்செல்லும் குடும்பங்கள், வருடத்தில் நாலைந்து தடவை வயலுக்கும் குளத்துக்கும் போனாலே நல்ல தொடக்கமாகும். எப்போது, எங்கே, யாரோடு போவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம்?

மூன்று வெவ்வேறு இடங்களுக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட, ஒரே வயலுக்கு மூன்று தடவை போவது நல்லது. பெரும்போகத்தின் முதல் பயணத்தை ஒக்டோபரில் வைத்துக்கொள்ளலாம். மானாவாரி வயல்களில் மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் நெல்லை வீசும் புழுதி விதைப்பு அப்போது நடக்கும். மழை பிந்தினால் என்னவாகும் என்று கமக்காரரிடமே பிள்ளையைக் கேட்க விடுங்கள். இரண்டாவது பயணம் மார்கழியில். பயிர் பச்சையாக நிற்கும். கொக்கு, நண்டு, தவளை எல்லாம் வரம்பிலேயே இருக்கும். மூன்றாவது பயணம் தை கடைசியில் அல்லது மாசியில், அறுவடைக்கு.

இன்று பெரும்பாலான வயல்களில் அறுவடையை இயந்திரமே முடித்துவிடுகிறது. அருவிவெட்டு, சூடு, களவெட்டி, பொலி போன்ற சொற்கள் அம்மம்மாக்களின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வயலில் நின்றபடி அந்தச் சொற்களைச் சொல்லி, எதற்கு எந்தப் பெயர் என்று அவர்கள் காட்டினால் பிள்ளைக்கு அவை நினைவில் நிற்கும்.

வயல் இல்லாதவர்கள் பனையடிக்குப் போகலாம். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழங்களைப் பிள்ளைகளோடு பொறுக்குங்கள். களியை எடுத்துப் பனங்காய்ப் பணியாரம் சுடலாம். மிஞ்சும் கொட்டைகளைப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிட்டால் மிகுதியை மழை பார்த்துக்கொள்ளும். மார்கழி, தையில் கிழங்கு கிண்டலாம். தான் புதைத்ததைத் தானே கிண்டி, அவித்துச் சாப்பிடும் பிள்ளைக்கு முளைத்தல் என்ற விஞ்ஞானப் பாடத்தைத் தனியாகப் பாடமாக்கத் தேவையிருக்காது. ஒடியலும் கூழும் எங்கிருந்து வருகின்றன என்பதும் அதோடு விளங்கிவிடும். இதற்குச் செலவும் இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வன்னியில் குளத்தைப் பார்க்காமல் விவசாயத்தை விளங்கிக்கொள்ள முடியாது. வடக்கின் மிகப்பெரிய குளமான இரணைமடு, கனகராயன் ஆற்றுத் தண்ணீரை மறித்துக் கட்டப்பட்டது. குளக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, துரிசு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று வயல் மடை வரைக்கும் தண்ணீரோடு சேர்ந்து போய்வந்தால் ஒரு காலைப்பொழுது முடிந்துவிடும்.

சிறுபோக காலம் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு நானும் அப்படி நடந்தேன். தரம் 7இல் படிக்கும் பேத்தி கேட்டாள்: “அம்மப்பா, இவ்வளவு தண்ணி கிடக்கு. ஏன் எல்லா வயலுக்கும் விடேல்லை?” அவர் சொன்னார்: “கிடக்கிற தண்ணியை அளந்துதான் எத்தனை ஏக்கர் விதைக்கிறதெண்டு கூட்டத்தில முடிவெடுக்கிறது. ஆசைக்கு விதைச்சா கடைசியில எல்லாற்ற பயிரும் காயும்.” பொதுச்சொத்தைப் பங்கிடுவது பற்றிக் குடியியல் புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை அவள் குளக்கட்டிலேயே கேட்டுவிட்டாள்.

குடாநாட்டில் கதை வேறு. அங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றிலிருந்து குடிக்கவும் எடுக்கிறோம், வெங்காயத்துக்கும் இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சிப் போடும் உரத்தின் நைத்திரேற்று அதே தண்ணீரில் கலக்கிறது. வளர்ந்த பிள்ளைகளாக இருந்தால், 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது என்ன நடந்தது என்றும் தோட்டக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். உரம் கூடினால் கிணறு கெடும், உரம் இல்லையென்றால் விளைச்சல் விழும் என்ற இரண்டுக்கும் நடுவில் அவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதைப் பிள்ளை நேரே கேட்கட்டும்.

யாரோடு போவது?

முடிந்தவரை மூத்தவர் ஒருவரோடு போங்கள். போரில் தகப்பனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகளில் அதைச் செய்ய ஆளில்லாமல் இருக்கலாம். அயலில் வயல் செய்யும் ஒருவரைக் கேட்டால் மறுக்கமாட்டார். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவது இன்னும் சுலபம். காணியில் கால்வைத்ததும் மூத்தவர்களுக்குப் பழைய நினைவுகள் வரும். சிலர் பங்கர் வெட்டிய இடத்தைக் காட்டுவார்கள், சிலர் பேசாமல் நிற்பார்கள். பேசினால் பிள்ளைகள் கேட்கட்டும். பேசாவிட்டால் துருவவேண்டாம்.

போவதற்கு முன் கவனிக்கவேண்டியவை

முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்தும் ஆபத்து எல்லா இடத்திலும் முற்றாக நீங்கிவிட்டதென்று எண்ணக்கூடாது. ஆட்கள் வழக்கமாக நடக்கும் பாதையை விட்டு விலகவேண்டாம். அபாயப் பலகை உள்ள பக்கம் போகவேண்டாம். பற்றை பிடித்த காணிக்குள், ஒரு பழம் பொறுக்கக்கூடப் பிள்ளைகளை விடவேண்டாம். தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். மருந்தடித்த வயலுக்குள் அன்று இறங்கவேண்டாம். குளத்திலும் வாய்க்காலிலும் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் விடக்கூடாது.

இப்படிப் போய்வரும் பிள்ளைகள் எல்லோரும் கமக்காரராக வேண்டும் என்பதில்லை. அவர்கள் வைத்தியராகலாம், வெளிநாடு போகலாம். ஆனால், நாளை காணி உறுதி அவர்களின் கைக்கு வரும்போது அதை விற்பதா, தரிசாக விடுவதா, செய்விப்பதா என்று முடிவெடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். உறுதியில் நாலு எல்லையும் எழுதியிருக்கும். அந்தக் கிணற்றில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்த மூலையில் உழுந்து நன்றாக வரும் என்பதெல்லாம் எழுதியிருக்காது. தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவோம்.