மோசெல் நதிக்கரையில் மோட்டார் வீடு

ஐரோப்பாவில் விடுமுறைப் பிரயாணம் மேற்கொள்வோர் தேசப்படத்தை விரித்ததும் முதலில் அளப்பது தூரத்தையே ஆகும். ஒரு நாளில் இத்தனை கிலோமீற்றர் ஓடலாம், ஒரு வாரத்தில் இத்தனை நகரங்களைப் பார்க்கலாம் என்று கணக்கிட்டுக்கொண்டு புறப்படுகின்றனர். மோசெல் நதிப் பள்ளத்தாக்கில் இக்கணக்குப் பொய்த்துவிடும். ஜேர்மனியின் திரியர் நகரிலிருந்து, இந்நதி றைன் நதியோடு சங்கமமாகும் கோப்லென்சு நகர் வரையுள்ள தூரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர்; ஆற்றோடு சென்றால் ஏறக்குறைய 190 கிலோமீற்றர். மேட்டுநிலத்து நெடுஞ்சாலையில் மோட்டாரில் செல்பவர் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையில் இதனைக் கடந்துவிடலாம். ஆற்றங்கரைப் பாதையில் செல்பவருக்கோ எட்டு நாட்களும் போதா. ஆகவே இப்பள்ளத்தாக்குக்குத் திட்டம் வகுப்போர் இரவில் தரிக்கும் இடங்களையே முதலில் தீர்மானித்தல் வேண்டும். பாதை அதன்பின் தானே அமையும்.

பிரான்சு தேசத்து வோஜ் மலைத்தொடரில் உற்பத்தியாகும் மோசெல், லக்சம்பேர்க்குக்கும் ஜேர்மனிக்கும் எல்லையாகச் சிறிது தூரம் ஓடித் திரியரை அடைகிறது. அந்நகருக்குக் கீழே மலைகள் இருபுறமும் நெருங்கிவிட, ஆறு பாம்புபோல வளைந்து செல்கிறது. கோக்கம் நகருக்கு அருகே 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஒரு வளைவு உண்டு. அதனைச் சுற்றிவர மனமில்லாத இருப்புப்பாதைப் பொறியியலாளர், 4 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். 1879ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையில் புகையிரதம் சில நிமிடங்களில் மறுபுறம் சென்றுவிடுகிறது. பல்ஸ்ரைன் போன்ற வழக்குகளில் அல்லாது பைல்ஸ்ரைன் என்று உச்சரிக்கப்படும் சிற்றூர் முதலான அழகிய கிராமங்கள் சில, புகையிரதம் தவிர்த்துச் செல்லும் அவ்வளைவிலேயே அமைந்துள்ளன.

இவ்வளைவுகளின் வெயில் படும் சரிவுகளிலேதான் முந்திரிகை வளர்கிறது. பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 50ஆவது பாகையில் இப்பழம் நன்கு கனிவது வியப்பேயாம். அதற்குக் காரணம் அம்மலையின் கல். பழைய காலப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய சிலேற்றுப் பலகை எக்கல்லினால் ஆனதோ அக்கல்லே அங்கு மண்ணாகக் கிடக்கிறது. கருநிறமான அச்சில்லுகள் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்திருந்து, இரவில் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. யாழ்ப்பாணத்து வளவுகளில் முந்திரிகைக் கொடியைப் பந்தலிட்டுப் படரவிடுவதைக் கண்டவர்களுக்கு, அங்குள்ள வழக்கம் புதுமையாகத் தோன்றும். பந்தலுக்கு அங்கே இடமில்லை. செங்குத்தான சரிவுகளில் ஒவ்வொரு கொடிக்கும் ஒவ்வொரு கழி நாட்டி, கொடியின் கிளைகளை அதிலே வளைத்துக் கட்டிவிடுகிறார்கள். செய்கை நிலத்தில் பாதிக்கு மேல் றீஸ்லிங் என்னும் வெள்ளை முந்திரிகை இனமே உண்டு.

பிரெம் என்னும் கிராமத்தின் பின்னே எழும் கல்மொன்ற் மலைச்சரிவு, ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான முந்திரிகைத் தோட்டங்களுள் ஒன்றாகும். அங்கே சில இடங்களில் சரிவு 60 பாகைக்கும் மேற்பட்டது. உழவு இயந்திரம் அங்கு ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறு பெட்டியில் அமர்ந்து தொழிலாளர் மேலே செல்கின்றனர். கொத்துகளைக் கையாலேயே வெட்டுகின்றனர். சமநிலத் தோட்டத்தைவிடப் பலமடங்கு உழைப்பை இச்சரிவுகள் விழுங்குகின்றன. அதனால் பிள்ளைகள் பலர் தந்தையின் தோட்டத்தை ஏற்க மறுத்து வேறு தொழில் நாடுகிறார்கள். 1990ஆம் ஆண்டையொட்டி இப்பிரதேசத்தில் 12,000 ஹெக்டயருக்கு மேல் இருந்த செய்கை, இன்று 9,000 ஹெக்டயருக்கும் குறைந்துவிட்டது. கைவிடப்பட்ட தோட்டங்களில் முட்புதர் மூடிக்கிடப்பதைக் கரைப்பாதையிலிருந்தே காணலாம். எஞ்சியுள்ள சிறு தோட்டக்காரர் பலரை வாழவைப்பது, வாசலுக்கு வந்து நேரே வாங்கிச் செல்லும் பிரயாணியின் பணம். மோட்டார் வீட்டில் வருபவரை அவர்கள் முற்றத்திலே வரவேற்பதற்கு இதுவே காரணம்.

மோட்டார் வீடு என்பது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, மலசலகூடம் ஆகிய யாவும் உள்ளமைந்த ஊர்தி. பொதுவாக 6 அல்லது 7 மீற்றர் நீளமும், ஏறக்குறைய 3 மீற்றர் உயரமும் உடையது. ஜேர்மனியில் இதற்கெனத் தனித் தரிப்பிடங்கள் உள்ளன. சிலவற்றை நகரசபைகள் நடத்துகின்றன. சிலவற்றைத் தோட்டக்காரர் தமது களஞ்சியத்துக்குப் பின்னால் அமைத்திருக்கின்றனர். கூடாரமடிக்கும் முகாம்களைவிட இவற்றில் வசதி குறைவு, கட்டணமும் குறைவு. மின்சாரமும் குடிநீரும் பெரும்பாலும் நாணயமிட்டுப் பெறவேண்டியவை. 100 லீற்றர் கொள்ளும் தொட்டி, இருவருக்குச் சிக்கனமாக இரண்டு மூன்று நாட்களுக்கு உதவும். கழிவுநீரையும் மலத்தொட்டியையும் அதற்கென அமைந்த இடத்திலன்றி வேறெங்கும் ஊற்றுதல் கூடாது. இரவு தங்குமிடங்களை நிச்சயிக்கும்போது, மூன்று நாளைக்கு ஒருமுறையேனும் இவ்வசதியுள்ள தரிப்பிடம் வருமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். தோட்டக்காரரின் முற்றத்தில் இது எப்போதும் கிடைக்குமென்று நம்பியிருத்தல் தகாது.

வீதியோரத்திலே ஊர்தியை நிறுத்தி உறங்கலாமோ என்று பலர் கேட்பதுண்டு. தடையறிவிப்பு இல்லாத இடத்தில், களைத்த சாரதி மீண்டும் ஓட்டும் தகுதி பெறுவதற்காக ஓரிரவு உறங்குவதை ஜேர்மனியில் அனுமதிக்கிறார்கள். கதிரை மேசைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டால் அது முகாமிடுதலாகிவிடும், அதற்கு அனுமதியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டப்பட்டிருக்கும் என்பதையும் மறவாது, சனிக்கிழமையே பாணும் பாலும் வாங்கிக்கொள்வது நன்று.

இனி, இப்பிரயாணத்தின் மிகக் கடுமையான விஷயத்துக்கு வருவோம். வைன் விளையும் நாட்டுக்குச் சாரதியாகச் செல்பவர் என்ன செய்வது? ஜேர்மனியில் இரத்தத்திலே மதுசாரம் ஆயிரத்துக்கு 0.5 பங்கை எட்டினாலே தண்டனையுண்டு. 0.3 பங்கு இருக்கையில் ஊர்தியைத் தடுமாறி ஓட்டினாலோ விபத்துக்குள்ளானாலோ அது குற்றமாகிவிடும். 21 வயதுக்குக் குறைந்தவரும் புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவரும் ஒரு துளியும் அருந்துதல் ஆகாது. வீட்டோடு வந்திருக்கிறோம், இரவிலே குடித்துவிட்டு அங்கேயே உறங்கிவிடலாம் என்பது மோட்டார் வீட்டுக்காரரின் வாதம். அது பாதி மட்டுமே சரி. உடல் மதுசாரத்தை மணிக்கு 0.1 பங்களவில் மெல்லவே கழிக்கிறது. நள்ளிரவில் 1.2 பங்குடன் படுத்தவருக்கு, காலை எட்டு மணிக்கு 0.4 பங்கு எஞ்சியிருக்கக்கூடும். கோப்பியும் குளிர்நீர்க் குளிப்பும் அதனை விரைவுபடுத்துவதில்லை. தோட்டக்காரர் முற்றத்தில் ஒரு மாலை வைன் சுவைப்பதென்று முடிவு செய்தால், அதே இடத்தில் இரண்டு இரவுகள் தங்குவதென்றும் முடிவு செய்தல் வேண்டும். இடையிலுள்ள பகலில் கால்நடையாகவோ, துவிச்சக்கர வண்டியிலோ, படகிலோ அயலூர்களைப் பார்த்து வரலாம். மதுவையே தொடாதவருக்கும் இக்களஞ்சியங்களில் புதிதாகப் பிழிந்த முந்திரிகைச் சாறு கிடைக்கும். குடும்பத்தில் அத்தகைய ஒருவர் இருந்து, அவருக்கு ஊர்தியோட்டவும் தெரிந்திருந்தால் திட்டம் மிக எளிதாகிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை செப்ரெம்பரும் ஒக்ரோபரும் அறுவடை மாதங்கள். செப்ரெம்பர் முதல் வாரவிறுதியையொட்டிப் பேர்ன்காஸ்ரல்-கூஸ் நகரில் பெரிய வைன் விழா நடைபெறும். அப்போது தரிப்பிடங்களில் இடம் கிடைப்பது அரிது. நகரசபைத் தரிப்பிடங்கள் பலவற்றில் முன்பதிவு இல்லை, முந்தியவருக்கே இடம் என்பதால், நண்பகலுக்குள் போய்ச் சேர்வது புத்தி. இலையுதிர் காலத்தில் மாத்திரம் கிடைக்கும் ஒரு பானம், இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் இளவைன். அதனை வெங்காயப் பணியாரத்தோடு உண்பது அவ்வூர் வழக்கம். வாயு வெளியேறவேண்டியிருப்பதால் அப்போத்தலின் மூடி இறுக மூடப்படுவதில்லை. அதனைப் படுக்க வைத்து ஊர்தியை ஓட்டியவர்கள் மெத்தையைக் கழுவவேண்டி நேரும்.

கூட்டத்தை விரும்பாதவர் மே, யூன் மாதங்களில் செல்லலாம். குளிர்காலத்தில் ஆற்றங்கரைத் தரிப்பிடங்கள் பல மூடப்படுகின்றன. காரணம் வெள்ளம். 1993 டிசெம்பரில் திரியரில் ஆற்றின் அளவுகோல் 11 மீற்றரைக் கடந்தது. கோக்கம் முதலிய ஊர்களில், வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்தை ஆண்டோடு பொறித்து வைத்திருக்கிறார்கள். சில குறிகள் நிற்பவரின் தலைக்கு மேலே இருக்கும். கரையோரத்தில் தரிப்பவர் கனமழை நாட்களில் நீர்மட்ட அறிவித்தலைக் கவனித்தல் வேண்டும்.

பிரயாணத்தைத் திரியரில் தொடங்குவது பொருத்தம். உரோமர் கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த நகரம் அது. அவர்கள் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆற்றினுள் எழுப்பிய கற்றூண்களின்மேல் இன்றும் மோட்டார்கள் பாலத்தைக் கடக்கின்றன. உரோமர் காலத்து வைன் வாணிகத்துக்குச் சான்றான கல்லாலான வைன் கப்பல் சிற்பம், 1878இல் நொய்மாகன் என்னும் ஊரில் கண்டெடுக்கப்பட்டது. மிடாக்களும் துடுப்புக்காரரும் செதுக்கப்பட்ட அதனைத் திரியர் நூதனசாலையில் காணலாம். 1818இல் கார்ல் மார்க்ஸ் பிறந்ததும் இந்நகரிலேயே. அவர் இளம் பத்திரிகையாளராக 1843இல் எழுதிய கட்டுரைகளுள் மோசெல் முந்திரிகைச் செய்கையாளரின் வறுமை பற்றியதும் ஒன்று. தோட்டக்காரரின் துயரம் இன்று நேற்று வந்ததன்று.

அடுத்து இரண்டு இரவுகளைப் பேர்ன்காஸ்ரல்-கூஸ் நகருக்கு ஒதுக்கலாம். பேர்ன்காஸ்ரலின் பழைய ஒழுங்கைகளுள் மோட்டார் வீட்டைச் செலுத்த முற்படுதல் பேதைமை. அங்கே 1416ஆம் ஆண்டு வீடொன்று, கீழே ஒடுங்கியும் மேலே அகன்றும், ஒழுங்கையின் மேல் சாய்ந்தாற்போல் நிற்கிறது. ஆற்றின் மறுகரையான கூஸில் ஊர்தியை நிறுத்திப் பாலத்தால் நடந்து செல்வதே முறை. கூஸில் பிறந்த நிக்கொலாஸ் என்னும் தத்துவஞானி 1458இல் நிறுவிய முதியோர் இல்லம் இன்னும் முதியோரைத் தாங்கி வருகிறது. கிறிஸ்துநாதரின் வயதை நினைந்து 33 முதியவருக்கென அதனை அவர் ஏற்படுத்தினார். அதன் செலவுக்கு உதவிவந்தது, இல்லத்துக்குச் சொந்தமான முந்திரிகைத் தோட்டம். அறநிலையம் ஒன்று ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதைக் காண்பதற்காகவே அங்கு செல்லலாம்.

அங்கிருந்து சிறிது தூரம் கீழே, 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பெரும் பாலம் ஒன்று 1.7 கிலோமீற்றர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கின் மேலே செல்கிறது. ஆற்றிலிருந்து அதன் உயரம் ஏறக்குறைய 160 மீற்றர். மேலே விரையும் மோட்டார்கள் ஒரு நிமிடத்தில் மோசெலைக் கடந்துவிடுகின்றன. அதன் தூண்கள் தோட்டச் சரிவுகளைக் கெடுக்குமென்று வைன் பிரியர் பலர் எதிர்த்தும் பயனில்லாது போயிற்று.

பின்னர் பிரெம் கிராமம். கல்மொன்ற் சரிவில் ஏணிகளும் இரும்புக் கயிறுகளும் பொருத்திய நடைபாதை உண்டு. தலைசுற்றல் உடையவர் அதனைத் தவிர்க்கவேண்டும். உச்சியிலிருந்து பார்த்தால் ஆறு ஒரு குதிரை லாடத்தைப்போல வளைந்து கிடக்கும். இப்பகுதிகளில் வாசலிலே பூங்கொத்தோ துடைப்பமோ கட்டித் தொங்கவிடப்பட்ட வீடுகளைக் காணலாம். தோட்டக்காரர் தாம் விளைவித்த வைனையும் எளிய உணவையும் அங்கு விற்கிறார் என்பது அதன் பொருள். அனுமதிப்பத்திரமின்றி ஆண்டில் நான்கு மாதங்கள், 40 ஆசனங்களுக்கு மேற்படாமல், இவ்வாறு விற்கச் சட்டம் இடமளிக்கிறது. உணவுச்சாலைகளைவிட இவ்விடங்களிலேதான் ஊராரோடு பேசிப் பழக முடியும்.

கோக்கத்தின் கோட்டை 1689இல் பிரெஞ்சுப் படையினரால் அழிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஒரு பேர்லின் வணிகரால் மீளக் கட்டப்பட்டது. பார்வைக்கு அழகியது, அவ்வளவே. பழைமையை நாடுவோர் எல்ற்ஸ் கோட்டைக்குச் செல்லட்டும். ஒரே குடும்பத்தின் கையில் 800 ஆண்டுகளுக்கு மேலாக அழியாதிருக்கும் அதனை, மோசெல்கேர்ன் கிராமத்திலிருந்து ஓடைக்கரை வழியே நடந்து அடையலாம். குளிர்காலத்தில் அது பூட்டப்பட்டிருக்கும்.

வாங்கும் வைனைப் பற்றியும் ஒரு கணக்குண்டு. சாதாரண மோட்டார் அனுமதிப்பத்திரத்தில் ஓட்டக்கூடிய ஊர்தியின் நிறை, ஏற்றிய பொருளோடு சேர்த்து 3,500 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. வெறுமையாகவே மூவாயிரம் கிலோகிராமை நெருங்கும் வீட்டில் நால்வரும், நீரும், துவிச்சக்கர வண்டிகளும் ஏறியபின் மிஞ்சுவது அற்பம். பன்னிரண்டு போத்தல் கொண்ட பெட்டியொன்று ஏறக்குறைய 15 கிலோகிராம் நிறுக்கும். திரியரிலேயே வாங்கி அடுக்கத் தொடங்குபவர் கோக்கத்தை அடையுமுன் வரம்பை மீறிவிடுவார். வழியெல்லாம் சுவைத்து, பிடித்த தோட்டக்காரரின் விலாசங்களைக் குறித்துக்கொண்டு, கடைசி இரண்டு நாட்களில் வாங்குவது உகந்தது. ஐரோப்பாவில் வீடுள்ளவரானால், தோட்டக்காரரே பெட்டிகளை அனுப்பிவைக்கும் ஒழுங்குமுண்டு. ஊர்தியில் ஏற்றுவதாயின், நீர்த்தொட்டியைக் கோப்லென்சுக்கு முன்னரே வெறுமையாக்கிவிட்டு, பெட்டிகளைச் சில்லுகளின் அச்சுக்கு அருகே தரையில் வைத்துக் கட்டிக்கொள்ளவேண்டும்.